மாதுளையைச் சுற்றி ஆறு கல்

அந்தக் கையை மட்டும் அசைக்காதீர்கள் சார். அசைத்தால் மிஷின் கத்தும். ரோஸ்லின் சிஸ்டர் ஓடிவர வேண்டும், அவர்களுக்கு இன்றைக்கு ஏழு பேர். ஊசி வலிக்கத்தான் செய்யும். முதல் நாள் இல்லையா. பத்து தடவை போனால் பழகிவிடும். வாரம் மூன்று நாள் டயாலிசிஸ், எனக்கு இது இருநூற்று இருபத்து நான்காவது தடவை. ஒன்றுகூடத் தவறியதில்லை.

நான் அதிகம் பேசுகிறவன் இல்லை. நீங்கள் அந்த விட்டத்தையே பார்த்துக்கொண்டு படுத்திருந்தீர்கள், அதனால்தான். மேலே எண்ணிப் பார்க்க வேண்டாம், நான் எண்ணிவிட்டேன். இருநூற்றுப் பன்னிரண்டு சதுரம், அதில் ஒன்பது பழுப்பு. முதல் பதினான்கு மாதம் எனக்கு அதுதான் வேலை. நாலு மணி நேரம் ஒரு கை கட்டுப்பட்டுக் கிடக்கும்போது மனிதன் வேறு என்ன செய்வான். பக்கத்துக் கட்டிலில் யார் படுத்திருக்கிறார் என்றுகூட நான் திரும்பிப் பார்த்ததில்லை. கூச்சம்தான். சின்ன வயதிலிருந்தே அப்படி.

உங்கள் கட்டில் சோலையப்பன் கட்டில். பஸ் ஸ்டாண்டு வாசலில் பழக்கடை வைத்திருந்தார். எங்கள் ஊர் பஸ்ஸுக்கு நிற்கிற இடத்திலிருந்து பதினெட்டு எட்டு நடந்தால் கடை. இருபத்தாறு வருஷம் பழம் விற்ற மனிதர், கிட்னி போனதும் டாக்டர் முதலில் சொன்னது, பழத்தைத் தொடக் கூடாது. உங்களுக்கும் சொல்லியிருப்பார்கள். வாழைப்பழம் கூடாது, சாத்துக்குடி கூடாது, மாதுளை கூடவே கூடாது. தண்ணீரும் அளவுதான். நான் ஒரு நாளைக்கு ஐந்து டம்ளர், அளவுகோடு போட்ட டம்ளர். வரும்போது எடை ஒரு கிலோ இருநூறுக்கு மேல் ஏறியதில்லை. அவர் நாலு கிலோ ஏற்றிக்கொண்டு வருவார். மூச்சு வாங்கும். கேட்டால் சிரிப்பார். "மறந்து குடிச்சிட்டேண்ணே." தண்ணீர் குடிப்பதை ஒருவன் எப்படி மறப்பான்?

இந்த டேப், பெரிய போன் மாதிரி இருக்கிறதே, இது அவருடையதுதான். ஓசூரில் இருக்கிற மகள் வாங்கிக் கொடுத்து, இதில் ஒரு விளையாட்டையும் போட்டுக் கொடுத்திருந்தாள். என்னுடைய நூற்று எண்பத்தொன்றாவது தடவை அன்று, ஒரு திங்கட்கிழமை, அவராகக் கூப்பிட்டார்.

"அண்ணே, ஒத்தையா ஆடுனா கம்ப்யூட்டரு என்னைய மொத்திக்கிட்டே இருக்கு. நீங்க ஒரு கை வாரீகளா? கை ஒண்ணு போதும்ணே, நமக்கு இருக்கறதே ஒண்ணுதான்."

பதினான்கு மாதத்தில் என்னை யாரும் இந்த அறையில் அண்ணே என்று கூப்பிட்டதில்லை. சரி என்று சொல்லிவிட்டேன்.

நான் ஆறாவதோடு நின்றவன். இதில் எழுத்தெல்லாம் இங்கிலீஷ். ஆனால் எண் எல்லாருக்கும் ஒன்றுதானே. எண் இருந்தால் எனக்குப் போதும். பாருங்கள், இதுதான் நிலம். தேன்கூடு மாதிரி ஆறு பக்கக் கட்டங்கள். ஒவ்வொரு கட்டத்துக்கும் ஒரு விளைச்சல் எண் உண்டு. நதி ஓரம் ஐந்து, புல்வெளி மூன்று, பாறை ஒன்று, சதுப்பு பூஜ்யம். ஒருவர் ஆடி முடித்ததும் கீழே இந்தப் பச்சைப் பொத்தானை அழுத்த வேண்டும். அழுத்தினால்தான் அவர் முறை முடியும், அடுத்தவர் முறை வரும். டேப் ஒன்றுதான் என்பதால், அழுத்தியதும் ரோஸ்லின் சிஸ்டர் வாங்கி அடுத்த கட்டிலில் வைப்பார்கள். அவர்கள் வேலையாக இருந்தால் அந்த டிராலியில் வைத்துத் தள்ளிவிடுவோம். ஒரு நாளைக்குப் பன்னிரண்டு சுற்று. ஒருவர் முறையில் இன்னொருவர் பொத்தானைத் தொடக் கூடாது. அந்த விதியை நான்தான் முதல் நாளே சொன்னேன். விதி இல்லாமல் ஆடுவதில் எனக்கு ருசி கிடையாது.

அவர் சிறகு மனிதர்களை எடுத்துக்கொண்டார். ஏனென்றால் அழகாக இருக்கிறார்களாம். நான் குள்ளர்களை எடுத்தேன். மெதுவாக நடப்பார்கள், ஆனால் கல் நடுவார்கள். கல் நட்ட கட்டம் நம்முடையது. அதில் எதிராளி இறங்க முடியாது. சிறகு மனிதர்களுக்குக் கல் நடத் தெரியாது. ஊர் கட்டுவார்கள், ஊரைச் சுற்றியிருக்கிற ஆறு கட்டத்துக்கும் பறந்துபோய் விளைந்ததை எடுத்துவந்து சாப்பிடுவார்கள். அந்தக் கட்டம் யாருக்குச் சொந்தம் என்று அவர்கள் கேட்பதே இல்லை. யாருக்கும் சொந்தமில்லாதது எல்லாருக்கும் சொந்தம் என்று நினைக்கிற ஜாதி.

நான் சர்வே ஆபீசில் செயின்மேனாக முப்பத்து மூன்று வருஷம் இருந்தவன் சார். சங்கிலி பிடிக்கிறவன். சர்வேயர் எழுதுவார், நான் இழுத்துப் பிடிப்பேன். இந்தத் தாலுகாவில் நான் கால் வைக்காத வரப்பு கிடையாது. எனக்குச் சொந்தமாக நிலம் கிடையாது, அது வேறு விஷயம். எந்த நிலம் யாருக்கு எப்படிப் போகும் என்று எனக்குத் தெரியும். எல்லாரும் நதி ஓரத்துக்கு ஓடுவார்கள். சோலையப்பனும் ஓடினார். முதல் நாற்பது சுற்றில் நதி ஓரமாக ஐந்து ஊர் கட்டிவிட்டார். ஊர்களுக்குப் பெயர் வைக்க வேண்டுமா, ரோஸ்லின் சிஸ்டரைக் கூப்பிட்டுச் சொல்லி அடிக்கச் சொல்வார். கொய்யா, சாத்துக்குடி, சப்போட்டா, சீத்தா, விளாம்பழம். சாப்பிடக் கூடாத பழமெல்லாம் ஊராகிவிட்டது.

"அண்ணே, உங்க ஊரு பேரு என்னண்ணே?"

"ஒன்று."

"அடுத்தது?"

"இரண்டு."

"உங்க குள்ளனுங்க சிரிக்கவே மாட்டானுங்களாண்ணே?"

"சிரித்தால் கல் கோணிவிடும்."

அதற்கு அவர் அப்படிச் சிரித்தார். மிஷின் கத்திவிட்டது. சிஸ்டர் வந்து என்னைத்தான் திட்டினார்கள்.

நான் நதிப் பக்கமே போகவில்லை. பாறை, சதுப்பு, மலையிடுக்கு, ஒன்றும் பூஜ்யமுமாக யாரும் திரும்பிப் பார்க்காத கட்டங்கள், அங்கேதான் கல் நட்டேன். இரண்டு கட்டம் விட்டு ஒரு கல், இரண்டு கட்டம் விட்டு ஒரு கல். சோலையப்பன் பார்த்துவிட்டு, "எதுக்குண்ணே இந்தச் சொறிப் பாறையக் கட்டி அழுகுறீக, வாங்க, ஆத்தோரமா எடம் தாரேன்" என்றார். வேண்டாம் என்றேன். புறம்போக்கைப் பிடித்தவன்தான் சார் பட்டாக்காரனை ஆளுவான். பட்டாக்காரன் வெளியே வர வேண்டுமானால் புறம்போக்கு வழியாகத்தானே வர வேண்டும்.

நூற்றுப் பதினைந்தாவது சுற்றில் அவரிடம் ஒரு வழி கேட்டேன். கொய்யாவுக்கும் சீத்தாவுக்கும் நடுவே என் ஆட்கள் போய்வர ஒரு வண்டிப்பாதை. விளையாட்டில் அதற்கு ஒரு பொத்தான் இருக்கிறது, இரண்டு பேரும் ஒத்துக்கொண்டால் பாதை போட்டுக்கொள்ளலாம்.

"போங்கண்ணே, ரோடு என்ன தேஞ்சா போயிரும்" என்று அழுத்திவிட்டார்.

பாதை தேயாது. ஆனால் பாதைக்கு இரண்டு ஓரம் உண்டு. அந்த இரண்டு ஓரத்திலும் நான் கல் நட்டேன். பன்னிரண்டு சுற்றில் கொய்யா ஒரு பக்கம், சீத்தா ஒரு பக்கம். ஒன்றிலிருந்து ஒன்றுக்கு உதவி போக முடியாது. பிறகு சம்மட்டிப் படையை அனுப்பினேன். கொய்யா ஒரே சுற்றில் விழுந்தது. பெயரைப் பதினான்கு என்று மாற்றினேன். சீத்தா பதினைந்து.

அவர் கோபப்படவில்லை. அதுதான் எனக்குப் பிடிக்காத விஷயம். தோற்கிறவன் கோபப்பட வேண்டும், கணக்குப் பார்க்க வேண்டும், எங்கே விட்டோம் என்று தேட வேண்டும். இவர் இன்னும் நாலு ஊர் கட்டினார். மலைக்கு அந்தப் பக்கம், ஒவ்வொன்றும் தனித்தனியாக, எங்கே பார்க்க நன்றாக இருக்கிறதோ அங்கே. அதில் கடைசி ஊர்தான் மாதுளை. ஒரு சின்ன ஏரிக்குப் பக்கத்தில். சாயங்காலம் மாதிரி ஒரு வெளிச்சம் அங்கே மட்டும் விழும். வீடுகளில் விளக்கு எரியும், ஒரு குடும்பத்துக்கு ஒரு விளக்கு. சிவப்பாக, பொடிப் பொடியாக. அவர் இரண்டு விரலால் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்ப்பார்.

"அண்ணே, மாதுளைய உடைச்சு வச்ச மாதிரியே இருக்குல்ல?"

இருந்தது. நான் இல்லை என்று சொல்லவில்லை.

முந்நூற்றுப் பத்தாவது சுற்றுக்குள் எட்டு ஊர் என் கையில். எல்லாம் ஒரே முறைதான், சுற்றிலும் மூன்று கல், பிறகு படை. ஒரே சுற்று. மாதுளை மட்டும் மிச்சம்.

அந்த வெள்ளிக்கிழமை, என்னுடைய இருநூற்று ஏழாவது தடவை, நான் எடை பார்க்க வெளியே நின்றபோது அவர் சம்சாரம் பஞ்சவர்ணம் வந்தார்கள். நீங்கள் வரும்போது வெளியே பெஞ்சில் உங்கள் வீட்டம்மா உட்கார்ந்தார்களே, அந்த இடம்தான். ஒரு கூடையும் ஒரு தண்ணீர் பாட்டிலும் வைத்துக்கொண்டு நாலு மணி நேரமும் அங்கேயே இருப்பார்கள்.

"அண்ணே, ஒண்ணு கேக்கணும். தப்பா நினைக்கக் கூடாது."

"சொல்லுங்கள்."

"அவரு போதும் போதும்ங்குறாரு. ஆனி மாசத்துக்கு முந்தியே ஊசி வேணாம், போதும்னு படுத்துக்கிட்டாரு. மக அழுது பாத்தா, நான் அழுது பாத்தேன். அந்த வெளையாட்டு வந்தப்புறந்தான் எந்திரிச்சாரு. ஆஸ்பத்திரி நாளு காலையில 'ஏய், ஊரப் பாக்கணும்டி'ன்னு அவராச் சட்டையப் போடுறாரு. இப்ப ஒரே ஒரு ஊருதான் இருக்காமில்ல. அது போச்சுன்னா இங்க எனக்கு என்ன சோலின்னு நேத்து ராத்திரி சிரிச்சுக்கிட்டே சொல்றாரு. நீங்க அந்த மாதுளைய மட்டும் விட்ருங்கண்ணே. வேறென்ன வேணா பண்ணிக்கங்க."

நான் அவர்களைத் தப்பாக நினைக்கவில்லை. ஆனால் யோசித்துப் பாருங்கள். விளையாட்டை விளையாடாதே என்று கேட்கிறார்கள். இதே மாதிரி முன்னே ஒரு தடவை நடந்திருக்கிறது. ஒரு அம்மாள் நிலம், புருஷன் இல்லை, பங்காளியோடு தகராறு. நடுவில் ஒரு கிணறு. சர்வேயருக்கே மனசு இளகிவிட்டது. என் காதில், "தனுஷ்கோடி, அந்த முனையில கொஞ்சம் தளர்த்திப் பிடி" என்றார். சங்கிலியில் இரண்டு கண்ணி விட்டால் கிணறு அந்த அம்மாளுக்கு. நான் தளர்த்தவில்லை. சங்கிலி எங்கே போனதோ அங்கே கல் விழுந்தது. கிணறு பங்காளிக்குப் போயிற்று. அந்த அம்மாள் என்னைப் பார்த்துக் கும்பிட்டுக்கொண்டே நின்றார்கள், எனக்கு ஒரு மாதிரி ஆகிவிட்டது. ஆனால் இரண்டு கண்ணி இரண்டு கண்ணிதானே சார். இன்றைக்குப் போய் அளந்தாலும் என் கல் சரியாக இருக்கும். அந்த நிலம் இப்போது தரிசு. அது வேறு விஷயம்.

ஆனாலும் பஞ்சவர்ணத்திடம் நான் கடுமையாகப் பேசவில்லை. பெண்பிள்ளை கேட்கிறார்கள். "ஊரைத் தொட மாட்டேன்" என்று சொன்னேன். கையெடுத்துக் கும்பிட்டார்கள். கூடையிலிருந்து எதையோ எடுக்கப் போனார்கள். பழமாக இருக்கும், நமக்கு ஆகாது என்று ஞாபகம் வந்து வைத்துவிட்டார்கள்.

நான் சொன்னால் சொன்னதுதான். திங்கட்கிழமையிலிருந்து படையை இரண்டு கட்டம் பின்னால் நகர்த்திவிட்டேன். ஒரு சம்மட்டிக்காரன்கூட மாதுளைப் பக்கம் போகவில்லை. சோலையப்பன் பார்த்தார்.

"என்னண்ணே, பயந்துட்டீகளா?"

"ஊரைத் தொடுவதாக இல்லை."

"பஞ்சு சொல்லுச்சாக்கும்." அவர் வெளியே கதவுப் பக்கம் பார்த்தார். "அவளுக்கு என்ன தெரியும். சரி, ஆடுங்கண்ணே."

ஆடினேன். ஊரைத் தொட மாட்டேன் என்றுதான் சொன்னேன். ஊரைச் சுற்றி இருப்பது ஊர் இல்லை. அது யாருக்கும் சொந்தமில்லாத நிலம். அதை அவர் சொந்தமாக்கிக்கொள்ளவும் இல்லை, நூறு சுற்று சும்மா போட்டு வைத்திருந்தார். என் கல் நடும் ஆட்களுக்கு ஒரு கல்லுக்கு ஆறு சுற்று. ஒரு நாளைக்கு இரண்டு கல். திங்கள் இரண்டு, புதன் இரண்டு, வெள்ளி இரண்டு. வெள்ளிக்கிழமை கடைசிச் சுற்றில் ஏரிக்கரையில் ஆறாவது கல் நின்றது.

மாதுளையில் அப்போது நாற்பது விளக்கு. நான் எண்ணினேன், அவரும் எண்ணினார்.

இந்த விளையாட்டில் சாப்பாடு இல்லாத ஊருக்கு ஒரு கணக்கு இருக்கிறது. அந்த ஊர்க்காரர் தன் முறையை முடித்துப் பச்சைப் பொத்தானை அழுத்தும்போது ஒரு குடும்பம் போகும். நான் அழுத்தினால் போகாது. அவர் அழுத்தினால்தான். அதை நான் ஏற்பாடு செய்யவில்லை, விளையாட்டு அப்படி.

அடுத்த திங்கட்கிழமை பன்னிரண்டு சுற்று. நாற்பது இருபத்தெட்டு ஆயிற்று. அவர் ஒவ்வொரு தடவையும் அழுத்திவிட்டு டேப்பைக் கொடுக்க மாட்டார். எந்த விளக்கு அணைகிறது என்று பார்த்துவிட்டுத்தான் கொடுப்பார். ஏரிக்கரையில் ஒன்று, கோபுரத்துக்குப் பின்னால் ஒன்று. என்னைக் கேட்டால், எது அணைந்தால் என்ன, எண்ணிக்கை ஒன்றுதானே.

புதன்கிழமை ரோஸ்லின் சிஸ்டர் டேப்பை என் கையில் கொடுக்காமல் கொஞ்ச நேரம் பிடித்துக்கொண்டே நின்றார்கள்.

"ஐயா, ஒரு கல்லை எடுத்துடுங்களேன். ஒண்ணே ஒண்ணு. உங்களுக்கு என்ன குறைஞ்சிடும்?"

"எல்லைக் கல்லைப் பிடுங்குவது குற்றம் சிஸ்டர்."

"இது விளையாட்டுங்க ஐயா."

"அதற்காக?"

சோலையப்பன் குறுக்கே புகுந்தார். "விடுங்க சிஸ்டர். அண்ணன் கல்லப் புடுங்குனா கைல வாதம் வந்துரும்." சொல்லிவிட்டுச் சிரிக்கப் பார்த்தார், இருமல் வந்துவிட்டது. அன்றைக்கு நாலரைக் கிலோ ஏற்றிக்கொண்டு வந்திருந்தார். நான் சொன்னேன், "இப்படித் தண்ணீர் குடித்தால் உடம்பு என்னத்துக்கு ஆகும், அளவாகக் குடியுங்கள்" என்று. நல்லதுக்குத்தான் சொன்னேன். வேறு யார் சொல்வார்கள்?

புதன் முடிந்ததும் பதினாறு விளக்கு. வெள்ளி முடிந்ததும் நாலு.

வெள்ளிக்கிழமை எல்லாம் கழற்றி, பஞ்சு வைத்துக் கட்டுப்போட்டு உட்கார்ந்திருக்கும்போது அவரே கேட்டார்.

"அண்ணே, ஒண்ணு கேக்கட்டா. மத்த எட்டு ஊரையும் ஒரே அடியில முடிச்சீக. இத மட்டும் ஏன் இப்படி?"

"ஊரைத் தொட மாட்டேன் என்று வாக்குக் கொடுத்திருக்கிறேன். அதற்கெல்லாம் ஒரு சுற்றுதான், இதற்கு நாற்பது சுற்று கொடுத்திருக்கிறேன். உங்களுக்குத்தான் நல்லது."

அவர் கட்டுப்போட்ட கையை மடியில் வைத்துக்கொண்டார். பிறகு, "நீங்க நெசமாத்தான் சொல்றீகண்ணே" என்றார். கேள்வி மாதிரியும் இல்லை, பதில் மாதிரியும் இல்லை. நிஜமாகத்தான் சொன்னேன், பொய் சொல்ல எனக்கு என்ன வந்தது. அவர் செருப்பை மாட்டினார், கதவுப் பக்கம் பஞ்சவர்ணம் தோளைப் பிடித்துக்கொண்டு போனார்.

அடுத்த திங்கட்கிழமை என்னுடைய இருநூற்றுப் பதினான்காவது தடவை. அன்றைக்கு மூன்று சுற்றுதான் நடந்தது. மூன்று அழுத்தல். நாலில் மூன்று போய் ஒன்று. நான் என் முறையை உடனே முடித்து டிராலியில் தள்ளிவிட்டேன். எனக்குச் செய்ய ஒன்றும் இல்லையே. அவர் டேப்பை வாங்கி நெஞ்சின்மேல் வைத்துக்கொண்டார்.

பத்து நிமிடம். இருபது நிமிடம்.

"உங்கள் முறை" என்றேன்.

"தெரியும்ணே."

"ஆட்டத்தில் யோசிக்க ஒன்றும் இல்லையே. இறங்கக் கட்டமே கிடையாது."

"ரோசிக்கிறேண்ணே."

இரண்டு மணி ஐம்பது நிமிடம் அப்படியே வைத்திருந்தார். டேப் இருண்டு போகும்போதெல்லாம் விரலால் தொட்டு எழுப்புவார். அந்த ஒரு விளக்கு அவர் தாடையில் சிவப்பாக விழுந்துகொண்டிருந்தது. நான் இரண்டு தடவை கேட்டேன், மூன்றாவது தடவை கேட்கவில்லை. கூச்சமாக இருந்தது. நேரம் முடிந்தது, மிஷினைக் கழற்றினார்கள், அவர் டேப்பை மேல்துண்டில் சுற்றி எடுத்துக்கொண்டு போய்விட்டார். பொத்தானை அழுத்தவே இல்லை. கதவில் நின்று திரும்பி, "வாரேண்ணே" என்றார்.

புதன்கிழமை வரவில்லை. வெள்ளிக்கிழமை வரவில்லை. வராமல் இருந்தால் என்ன ஆகும் என்று அவருக்குத் தெரியும், நமக்கெல்லாம் தெரியும். எடை ஏறும், மூச்சு முட்டும். பத்துப் பன்னிரண்டு நாள். சிஸ்டர் போன் போட்டுப் பார்த்தார்கள், டாக்டரும் பேசினார். வர மாட்டேன் என்று சொல்லிவிட்டாராம். சத்தம் போடாமல், சண்டை பிடிக்காமல். அடுத்த வாரம் வெள்ளிக்கிழமை போய்விட்டார். பன்னிரண்டாவது நாள்.

எனக்கு வருத்தம் இல்லை என்று நினைக்காதீர்கள். வருத்தம்தான். முந்நூற்றுத் தொண்ணூற்றொன்பது சுற்று ஆடிவிட்டு நானூறாவதில் எழுந்து போவது சரியா சொல்லுங்கள். ஜெயித்தேன் என்றும் சொல்ல முடியவில்லை, ஜெயிக்கவில்லை என்றும் சொல்ல முடியவில்லை. ஜெயித்தால் இதில் ஒரு கொடி ஏறும், மேளம் அடிக்கும். கம்ப்யூட்டரோடு ஆடியபோது அவருக்கு எதிராக அடித்ததைக் கேட்டிருக்கிறேன். அது வரவே இல்லை. என் வேலையில் நான் எதையும் பாதியில் விட்டதில்லை. கடைசிக் கல் நட்டு, மண் அடித்து, எண் எழுதிவிட்டுத்தான் சாப்பிடப் போவோம்.

இந்தக் கட்டில் மூன்று வாரம் காலியாக இருந்தது. நான் மறுபடி மேலே எண்ணிப் பார்த்தேன். பழுப்பு பதினொன்று ஆகிவிட்டது.

நேற்று முன்தினம், திங்கட்கிழமை, பஞ்சவர்ணம் வந்தார்கள். உள்ளே வரவில்லை, கதவில் நின்று சிஸ்டரிடம் டேப்பைக் கொடுத்து என்னைக் காட்டினார்கள். சிஸ்டர் கொண்டுவந்து என் மடியில் வைத்தார்கள். நான் எட்டிப் பார்த்து, "எனக்கா?" என்றேன்.

"உங்ககிட்ட குடுக்கச் சொன்னாரு" என்று அங்கிருந்தே சொன்னார்கள். அண்ணே என்று சொல்லவில்லை. "'மொறை என்னோடது. அண்ணன் அமுக்கக் கூடாது'ன்னு சொல்லச் சொன்னாரு."

"அது எனக்குத் தெரியுமே. நான் போட்ட விதிதானே" என்றேன். அவர்கள் திரும்பிப் போய்விட்டார்கள். அந்த மனிதர் சாகும்போதும் விதியை ஞாபகம் வைத்திருந்தாரே என்று எனக்குக் கொஞ்சம் சந்தோஷமாகக்கூட இருந்தது. தண்ணீர் விஷயத்திலும் இப்படி இருந்திருக்கலாம்.

திறந்து பார்த்தேன். அப்படியே இருக்கிறது. ஆறு கல், ஒரு ஏரி, ஒரு விளக்கு. அவர் முறை. நான் தினம் சார்ஜ் போட்டு வைக்கிறேன். நான் அழுத்தவில்லை, அழுத்தவும் மாட்டேன். அண்ணன் அழுத்தக் கூடாது என்று சொல்லியிருக்கிறார், அழுத்தினால் நான் சொன்ன சொல்லும் போயிற்று, போட்ட விதியும் போயிற்று.

ஆனால் அண்ணன் கூடாது என்றுதான் சொல்லியிருக்கிறார். வேறு யாரும் கூடாது என்று சொல்லவில்லை. இரண்டு நாளாக யோசித்துப் பார்த்துவிட்டேன், அவர் சொன்னதில் அது இல்லை.

இப்போது அவர் கட்டிலில் நீங்கள் இருக்கிறீர்கள். அவர் மிஷின், அவர் டிராலி. முறைப்படி பார்த்தால் அடுத்த முறை அந்தக் கட்டிலுக்கு. உங்களுக்கும் அந்த ஊருக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை, அதன் பேர்கூட இன்றைக்குத்தான் தெரியும். டிராலியைத் தள்ளுகிறேன், வந்துவிட்டது பாருங்கள். கீழே வலது மூலையில் பச்சையாக இருக்கிறதே, அதுதான். அந்தக் கை வேண்டாம், ஊசி இருக்கிறது. இந்தக் கை. ஒரு விரல் போதும்.

முடித்துவிட்டால் புதிதாக ஒன்று ஆரம்பிக்கலாம். நீங்கள் சிறகு மனிதர்களை எடுத்துக்கொள்ளுங்கள். ஊருக்கு என்ன பெயர் வேண்டுமானாலும் வையுங்கள். நான் சொல்லித் தருகிறேன், நதி ஓரமாகப் போங்கள்.

ஏன் சார், கையைப் போர்வைக்குள் இழுத்துக்கொண்டீர்கள்? குளிருகிறதா? முதல் நாள் குளிரும்.

பரவாயில்லை, நிதானமாக யோசியுங்கள். இன்னும் மூன்று மணி ஐந்து நிமிடம் இருக்கிறது. இன்றைக்கு முடியாவிட்டால் வெள்ளிக்கிழமை. டேப் இங்கேதான் இருக்கும், நானும் இங்கேதான் இருப்பேன். நீங்களும் வருவீர்கள்.

வராமல் எங்கே போய்விடப் போகிறீர்கள்.